பெரிய மாப்பிள்ளையும் புது ஹார்டு டிஸ்க்கும்

“தெரியுதா மாப்பிள்ளை?” என்று மாமனார் மறுபடியும் கேட்டார்.

“இன்னும் தெரியல மாமா. தெரிஞ்சிடும்,” என்றார் பெரிய மாப்பிள்ளை.

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, புது ஹார்டு டிஸ்க்கை உள்ளே பொருத்தி, ஒயர்களைச் செருகி, ஆன் செய்தாயிற்று. திரையில் பழைய டிஸ்க் மட்டும் எப்போதும்போல் தனியாக உட்கார்ந்திருந்தது. புதிதாக ஒருவர் வீட்டுக்குள் வந்திருக்கிறார் என்ற விவரமே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

மாமனார் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அளப்பதற்கு இனி நிலம் இல்லை என்றானதும், குடும்பத்தின் பழைய போட்டோக்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கினார். ஏற்றிய போட்டோக்களை வெளியே வைத்திருந்தால் தூசு படியும் என்று பரணில் கட்டிப் போட்டார். பரணில் கறையான் புகுந்தது. ஆக, மாமியார் இரட்டைச் சடையோடு நிற்கும் போட்டோ உட்பட எல்லாமே இப்போது அந்தப் பழைய டிஸ்க்குக்குள்தான் இருந்தன. அதுவும் நிரம்பி வழிந்து, சமீப காலமாக உள்ளேயிருந்து யாரோ பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம் என்று யோசனை சொன்னவர் சின்ன மாப்பிள்ளை. வாங்கி அனுப்பியதும் அவர்தான். “பொருத்தறதுக்குக் கடையிலேருந்தே ஆள் வருவாங்க,” என்று அவர் போனில் சொன்னபோது, பெரிய மாப்பிள்ளை ஒரு சிரிப்புச் சிரித்தார்.

“வீட்டுல நான் இருக்கும்போது கடை ஆள் எதுக்கு தம்பி?”

மறுமுனையில் ஒரு இருமல் கேட்டது. பிறகு சின்ன மாப்பிள்ளை, “அதுவும் சரிதாண்ணா,” என்றார்.

சின்ன மாப்பிள்ளை கண் டாக்டர். அவர் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் ஆளாளுக்குக் கீழிமையை இழுத்துக் காட்டியபடி வரிசையில் நிற்பார்கள். பெரிய மாப்பிள்ளை ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர். அட்டைப்பெட்டியைப் பற்றி யாருக்கும் எந்தச் சந்தேகமும் வருவதில்லை. அந்த வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே சொத்து, மெஷின் விஷயத்தில் அவர் கை ராசியான கை என்ற பெயர். ஃபேன், வாஷிங் மெஷின், மோட்டார், காலிங் பெல் என்று அவர் கைவைத்துச் சரியாகாத பொருள் அந்த வீட்டில் கிடையாது.

ஆனால் அந்த ராசியில் ஒரு விசேஷம் உண்டு. அவர் கைவைத்த பொருள் உடனே ஓடாது. அவர் திருப்புளியைக் கீழே வைக்கும்போது பெரும்பாலும் முன்னைவிட மோசமாகத்தான் இருக்கும். அவர் கிளம்பி வீடு போய்ச் சேர்ந்த பிறகு மாமியாரிடமிருந்து போன் வரும்.

“மாப்பிள்ளை, நீங்க படியிறங்கின கொஞ்ச நேரத்துல ஜம்முனு ஓட ஆரம்பிச்சிடுச்சு! என்ன கையோ உங்க கை!”

இதைப் பற்றிப் பெரிய மாப்பிள்ளை நிறைய யோசித்து ஒரு சித்தாந்தமே வைத்திருந்தார். எந்த மெஷினாக இருந்தாலும் பிரித்து மாட்டினால் ஓர் அதிர்ச்சியில் இருக்கும்; அது ஆறவேண்டும்; ஆறினால் தானாக ஓடும். இதைக் கம்பெனியிலும் விளக்கிப் பார்த்தார். அன்றிலிருந்து பெட்டி ஒட்டும் மெஷின் பக்கம் அவரை யாரும் விடுவதில்லை. சொந்த வீட்டிலும் இந்தச் சித்தாந்தம் என்னவோ எடுபடவில்லை. அவர் வீட்டு மிக்ஸி போன வருஷம் பிரித்து மாட்டியது, இன்னும் ஆறிக்கொண்டிருந்தது.

“டீ ஆறுது மாப்பிள்ளை,” என்று மாமியார் டம்ளரை நீட்டினார். “குடிச்சிட்டு நீங்க கிளம்புங்க. கம்ப்யூட்டர் அது பாட்டுக்கு ஆறட்டும்.”

“இல்ல அத்தை. இன்னிக்கு வேலையை முடிச்சிட்டுத்தான் இடத்தை விட்டு எழுந்திருப்பேன்.”

மாமனார் மாமியாரைப் பார்த்தார். மாமியார் தன் மகளைப் பார்த்தார். பெரிய மாப்பிள்ளையின் மனைவியாகிய அந்த மகள் சுவரைப் பார்த்தாள்.

அவருடைய பிடிவாதத்துக்குக் காரணம் இதுதான். சாயங்காலம் சின்ன மாப்பிள்ளை வருகிறார். இத்தனை காலமாகப் பெரிய மாப்பிள்ளை ரிப்பேர் செய்த எதுவும் அவருடைய சொந்தக் கண் முன்னால் ஓடியதில்லை. யாரோ போனில் சொல்லித்தான் அவரே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது, டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு மெஷின் ஓடிவிட வேண்டும். இந்த ஆசையில் தப்பு ஒன்றும் இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

“எப்பவும்போல நாம கிளம்பிடலாங்க,” என்றாள் மனைவி. “பஸ்ஸுல கூட்டம் வந்துடும்.”

“கூட்டம் வந்தா நின்னுக்கிட்டுப் போவோம்,” என்றார் அவர், வீரமாக.

முதலில் ஒயரில் சந்தேகம் வந்தது. சிடி போடும் டிரைவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒயரைப் பிடுங்கிப் புது டிஸ்க்குக்குக் கொடுத்தார். புது டிஸ்க்கிடமிருந்து எந்தப் பதிலும் இல்லை. சிடி டிரைவ் மட்டும் தன் தட்டைப் பாதி வெளியே நீட்டி, அப்படியே நின்றுவிட்டது. தட்டில் மாமியாரின் யோகாசன சிடி இருந்தது. அதை எடுக்கப் போனபோது தட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. விட்டுவிட்டு நகர்ந்தால் மறுபடி பாதி நீட்டியது.

“பரவாயில்ல மாப்பிள்ளை,” என்றார் மாமியார். “ஆசனமெல்லாம் எனக்கு மனப்பாடம்.”

அடுத்தது தூசு. கம்ப்யூட்டர் வியாதிகளில் பாதி, ராம் என்கிற ஞாபகச் சில்லில் அழுக்குப் படிவதால் வருகிறது என்றும், அதைக் கழற்றி ரப்பரால் அழித்தால் குணமாகும் என்றும் அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். பென்சில் ரப்பரை வாங்கி, சில்லின் ஓரங்களை அழுத்தி அழுத்தித் தேய்த்தார். ரப்பர்த் துகளை ஊதினார். அது பெட்டிக்குள்ளேயே போய் விழுந்தது. திரும்ப மாட்டி ஆன் செய்ததும், கம்ப்யூட்டர் நீட்டி நீட்டி ஒலி எழுப்பத் தொடங்கியது.

சமையலறையிலிருந்து மாமியார் ஓடி வந்தார். “என்ன மாப்பிள்ளை, ஹாலுக்குள்ள லாரி ரிவர்ஸ் எடுக்குற மாதிரி இருக்கு?”

“நல்ல அறிகுறிதான் அத்தை. இவ்வளவு நேரம் வாயே திறக்காம இருந்துச்சு. இப்ப பேசுது.”

“என்ன சொல்லுது?” என்று மாமனார் ஆவலோடு கேட்டார்.

பெரிய மாப்பிள்ளை தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். “அது அவ்வளவு தெளிவா இல்ல மாமா.”

சில்லைத் திருப்பிப் போட்டு அழுத்தியதில் அந்தச் சத்தம் நின்றது. அந்த வெற்றி அவருக்குத் துணிச்சலைக் கொடுத்தது. துணிச்சல் வந்த கையோடு உள்ளே பார்த்தபோது, ஒரு நாணயம்போல வட்டமாக ஒரு பேட்டரி கண்ணில் பட்டது. அதைக் கழற்றி மாட்டினால் கம்ப்யூட்டர் பழையதையெல்லாம் மறந்து புதிதாக ஆரம்பிக்கும் என்று கம்பெனி கேன்டீனில் ஒருவர் சொன்னது நினைவுக்கு வந்தது. கழற்றினார். மாட்டினார்.

கம்ப்யூட்டர் நிஜமாகவே மறந்துவிட்டது. நீலத் திரை ஒன்று வந்தது. அதன் மூலையில் தேதி பல வருடங்கள் பின்னால் போயிருந்தது. அந்தக் கணக்குப்படி பெரிய மாப்பிள்ளைக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

மனைவி குனிந்து அந்தத் தேதியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இதை இப்படியே வெச்சுக்க முடியாதாங்க?” என்றாள்.

அவருக்கு அதைக் காதில் வாங்க நேரமில்லை. நீலத் திரையை விட்டு வெளியே வந்ததும், டிஸ்க் எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒற்றை வரி வந்து நின்றது. புது டிஸ்க்கும் இல்லை, பழைய டிஸ்க்கும் இல்லை. இவ்வளவு நேரம் ஒரு டிஸ்க்கைத்தான் தெரியாமல் இருந்தது. இப்போது கம்ப்யூட்டர் பாரபட்சம் பார்க்காமல் இரண்டையும் தெரியாது என்றது.

பெரிய மாப்பிள்ளை அவசரமாகக் குனிந்தார். பழைய டிஸ்க்கில் காதை வைத்துப் பார்த்தார். பல்லைக் கடிக்கும் சத்தத்தைக்கூடக் காணோம். இவ்வளவு நாள் எல்லோரையும் பயமுறுத்திய அந்தச் சத்தம் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு.

“மாமா, போட்டோவுக்கெல்லாம் வேற காப்பி ஏதாவது...”

“இல்ல மாப்பிள்ளை.”

மாமனார் நாற்காலியில் முழங்கால்மேல் கைவைத்து உட்கார்ந்திருந்தார். திரையில் இருந்த ஒற்றை வரியைப் பார்த்தார், மருமகனின் முகத்தைப் பார்த்தார். மருமகனின் முகம் அவருக்கு அதிகக் கவலையைக் கொடுத்திருக்க வேண்டும்.

“போட்டோ போனா போகட்டும் மாப்பிள்ளை,” என்றார். “நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. எழுந்து முகம் கழுவிட்டுக் கிளம்புங்க.”

அந்தச் சொல் பெரிய மாப்பிள்ளையை அறைந்ததுபோல் இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மாமனார் வெயிலில் அளவுச் சங்கிலி பிடித்து அலைந்து சம்பாதித்த வீடு இது. அதில் பிறந்தவர்கள், வாழ்ந்தவர்கள் எல்லோருடைய முகங்களும் அந்தத் தகரத் துண்டுக்குள் இருந்தன. அதைத் தொலைத்தவனிடம் முகம் கழுவச் சொல்கிறாரே என்று அவர் திருப்புளியை இறுகப் பிடித்துக்கொண்டார். இனி உயிரே போனாலும் இந்த இடத்தை விட்டு நகர்வதில்லை என்று முடிவு செய்தார்.

சின்ன மாப்பிள்ளை வந்து சேர்ந்தபோது ஹால் முழுக்க ஒயர்களும் திருகாணிகளும் கிடந்தன. கால் வைக்க இடம் தேடி ஒற்றைக் காலில் நின்றபடி அவர் நிலைமையைப் பார்த்தார். பெரிய மாப்பிள்ளை தலையைத் தூக்கவில்லை. இதோ வரப்போகிறது என்று காத்திருந்தார். கடை ஆளைக் கூப்பிட்டிருக்கலாமே என்ற அந்த ஒரு வாக்கியம் போதும், இத்தனை வருடப் பெயரும் தவிடுபொடி.

“பிரமாதம்ணா,” என்றார் சின்ன மாப்பிள்ளை. “கஷ்டமான பாகமெல்லாம் முடிஞ்சிடுச்சு போலிருக்கே.”

பெரிய மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப்போட்டது. “என்ன முடிஞ்சிருக்கு தம்பி? ஒண்ணுமே தெரியல.”

“அது ஆறணும்ல?” என்றார் டாக்டர், படித்த மனிதருக்கு உரிய நிதானத்தோடு. “நீங்கதானே சொல்வீங்க? ஆபரேஷன் முடிஞ்ச கையோட கட்டை அவிழ்த்துப் பார்ப்பாங்களா? வாங்க, உங்க ரெண்டு பேரையும் கார்லயே வீட்டுல விட்டுடறேன்.”

“நீ இப்பதானப்பா வந்தே?”

“வந்ததே அதுக்குத்தாண்ணா.”

இப்படி ஒரு தங்கமான சகலையைப் பற்றியா இத்தனை நாள் மனதுக்குள் பொருமினோம் என்று பெரிய மாப்பிள்ளைக்கு வெட்கமாகிவிட்டது. கண்ணில் நீர் கோத்தது. டாக்டர் பழக்க தோஷத்தில் அவருடைய கீழிமையை இழுத்துப் பார்த்து, “தூசுதான்,” என்றார்.

“நீங்க எல்லாரும் என்மேல இவ்வளவு பிரியம் வெச்சிருக்கும்போது நான் எப்படிப் போவேன்?” என்றார் பெரிய மாப்பிள்ளை. “போட்டோவை எடுத்துக் கொடுக்காம நான் இந்த வீட்டுப் படியிறங்க மாட்டேன். ராத்திரி ஆனாலும் சரி, விடிஞ்சாலும் சரி.”

மாமியார் ஜன்னல் பக்கம் போய் வெளியே எட்டிப் பார்த்தார். மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். மனைவி டாக்டரின் காதில் என்னவோ சொன்னாள். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். தன் உடம்பைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள் என்று நினைத்து, பெரிய மாப்பிள்ளை இன்னும் வேகமாக வேலை செய்தார்.

வேகத்தில், முன்பக்கத்துப் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய ஒயர்கள் கொத்தாகக் கையோடு வந்துவிட்டன. எது எங்கே இருந்தது என்று அவர் கவனித்திருக்கவில்லை. நிறத்துக்கு நிறம் பொருத்தமாகத் தோன்றிய இடங்களில் செருகினார். பொத்தானை அழுத்தினார். இதுவரை தேதியையாவது தப்பாகக் காட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர், இப்போது எதையுமே காட்டவில்லை. விசிறிகூடச் சுற்றவில்லை. எல்லாவற்றையும் மூடிப் பார்த்தபோது கையில் ஒரு பிடி திருகாணிகள் மிச்சம் இருந்தன.

“இவ்வளவு திருகாணி இல்லாமலே இது நிக்குதுன்னா, கம்பெனிக்காரன் வீணாத்தான் மாட்டியிருக்கான்,” என்றார் அவர். குரலில் பழைய உறுதி இல்லை.

“அதான், அதான்,” என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

கடைசியாக ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. பெட்டியின் அடியில் வருடக் கணக்காகச் சேர்ந்த தூசு பஞ்சுபோல் கிடந்தது. அதை அடியோடு ஊதித் தள்ளிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஹாலில் ஊதினால் மாமியாருக்குத் தும்மல் வரும். சட்டை அழுக்காகிவிடும் என்று அதைக் கழற்றி மாட்டிவிட்டு, மாமனாரின் பழைய பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டார். திருப்புளியைக் காதில் செருகிக்கொண்டு, பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, வாசல் கதவைத் தாண்டி மாடிப்படியோரம் கொண்டுபோய் வைத்தார்.

“வெளியே எதுக்கு மாப்பிள்ளை?” என்று மாமியார் பதறியபடி பின்னால் வந்தார். “உள்ளயே இருங்க, உள்ளயே இருந்து ஊதுங்க!”

“நீங்க உள்ள போங்க அத்தை, மூக்குல ஏறிடும்,” என்று அவரை அன்போடு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

படியில் உட்கார்ந்து, மூச்சை இழுத்து ஊதினார். தூசு முழுவதும் எழுந்து அவர் முகத்திலேயே வந்து படிந்தது. துடைத்ததில் முகம் முழுக்கப் பரவியது. மடியில் கழற்றி வைத்த புது டிஸ்க் ஒரு பக்கம், பழைய டிஸ்க் ஒரு பக்கம். அந்தப் பழைய டிஸ்க்கை உள்ளங்கையில் வைத்து, ஒரு தடவை பல்லைக் கடி ராசா என்று கெஞ்சினார்.

அப்போது கீழேயிருந்து ஒரு ஆள் தோளில் பையை மாட்டிக்கொண்டு படியேறி வந்தான். கடைசிப் படியில் நின்று, அழுக்குப் பனியனையும் காதில் இருந்த திருப்புளியையும் பிரித்துக் கிடந்த பெட்டியையும் பார்த்தான். அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு, போனால் போகிறது என்பதுபோலப் பக்கத்தில் வந்து குந்தினான்.

“என்ன கம்ப்ளைன்ட்?”

“புது ஹார்டு டிஸ்க்கைத் தெரியமாட்டேங்குது,” என்றார் பெரிய மாப்பிள்ளை. “பழசையும் தெரியல. இப்ப கம்ப்யூட்டரே தெரியல.”

அந்த ஆள் அனுதாபத்தோடு தலையாட்டினான். சாத்தியிருந்த கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

“இந்த வீட்டுக்கு நீங்க புதுசா அண்ணே? ஃபேனோ மோட்டாரோ எதுவா இருந்தாலும், பெரிய மாப்பிள்ளை கிளம்பிப் போனதுக்கப்புறம்தான் நாம வரணும். தெரிஞ்சா அவர் மனசு உடைஞ்சிடுமாம்.”